தனியா மலையேறப் போறேன், அம்மா அழறாங்க

கேள்வி: அக்கா, ஆபீஸ் வேலையா ஜூலையில ரெண்டு மாசம் சுவிட்சர்லாந்து போறேன். லீவு நாள்ல தனியா மலைப்பாதையில நடக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. குரங்கணியில இருந்து டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஃப்ரண்ட்ஸோட ஏறியிருக்கேன். ஆனா அம்மா "குரங்கணி தீ மறந்துபோச்சா"ன்னு கேட்டு அழறாங்க. எப்படி சமாதானம் பண்றது?
- வாசகி, போடிநாயக்கனூர்

தங்கச்சி, அம்மாவ சமாதானம் பண்ண பாக்காத, பிளான்லயே சேத்துக்கோ. நானும் போடிக்காரிதான், 2018 மார்ச் 11, குரங்கணி காட்டுத்தீயில மலையேறப் போனவங்க சிக்குன ராத்திரி, ஆம்புலன்ஸ் மேல ஆம்புலன்ஸா வந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு, அதனால அம்மா பயத்த நான் சின்னதா நினைக்கவே மாட்டேன். அன்னிக்குப் போனவங்க தனியா போகல, கூட்டமாத்தான் போனாங்க. மலையில கூட ஆள் இருந்தா மட்டும் போதாதும்மா, நீ எங்க இருக்க, எப்ப இறங்குவன்னு கீழ ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

ஒரு பேப்பர்ல எந்த ஊர்ல ஏறுற, எந்த வழி, எங்க இறங்குற, தங்குற இடத்து நம்பர், ஆபீஸ் தோழி நம்பர் எல்லாம் எழுதி போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பு. அதுல முக்கியமா ஒரு நேரம் எழுது, "இதுக்குள்ள நான் பேசலேன்னா இந்த நம்பருக்கு அடிங்க"ன்னு. கோடையில அங்க சாயங்காலம் 5 மணின்னா நம்ம ஊர்ல ராத்திரி 8.30, ரெண்டு நேரத்தையும் எழுதிடு, இல்லேன்னா அம்மா மூணரை மணி நேரம் முன்னாடியே பதற ஆரம்பிச்சிருவாங்க.

அங்க பாதையெல்லாம் நல்லா குறிச்சு வச்சிருப்பாங்க. மஞ்சள் போர்டுன்னா சாதா நடைபாதை, பாறையில வெள்ளை-சிவப்பு-வெள்ளைன்னு பெயின்ட் கோடு இருந்தா மலைப்பாதை, வெள்ளை-நீலம்-வெள்ளை பாத்தா திரும்பிடு, அது கயிறு, ஐஸ் பழக்கம் இருக்கவங்களுக்கு. போர்டுல பெரும்பாலும் கிலோமீட்டர் இருக்காது, மணிக்கணக்குதான், அதுவும் உக்காராம நடந்தா ஆகுற நேரம், நீ பாதி சேத்துக்கோ. முதல் தடவை கிரிண்டல்வால்டுங்கிற மலை ஊர்ல கேபிள் கார் ஏறி, 'ஃபர்ஸ்ட்'ங்கிற மேல் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து பாக்ஆல்ப்ஸே ஏரி வரைக்கும் நட, போக ஒரு மணி நேரம் கூட ஆகாது, ஏரி 2,265 மீட்டர் உயரத்துல இருக்கு. நான் போனப்ப ஏரிக்கரையில குளிர்ல போன் அணைஞ்சிருச்சு, கடைசி கேபிள் கார் நேரத்த சட்டைப்பையில சீட்டுல எழுதி வச்சிருந்ததுதான் உதவுச்சு. அதனால சீட்டு, பவர் பேங்க் ரெண்டும் வேணும், போனை உடம்போட ஒட்டி வை. சுவிஸ்டோபோ ஆப்ல மேப்ப முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோ.

வெள்ளென கிளம்பு. கோடையில மத்தியானத்துக்கு மேல இடி மழை வந்துரும். கன்னுக்குட்டியோட பசு பாதையில நின்னா பக்கத்துல போய் செல்ஃபி எடுக்காத, தள்ளி சுத்திப் போ, நம்ம ஊர் மாடு மாதிரின்னு நினைச்சு ஏமாந்துராத. ஆபத்துன்னா 112, ரெகாங்கிற மீட்பு ஹெலிகாப்டருக்கு 1414. அந்த ஹெலிகாப்டர் பில்லு ஆயிரக்கணக்கான ஃபிராங்க் ஆகலாம், அதனால டிராவல் இன்சூரன்ஸ் எடுக்குறப்ப மலை நடை, தேடுதல், மீட்பு மூணும் அதுல இருக்கான்னு வரி வரியா படி. ஆபீஸ்ல குடுக்குற பாலிசியில இருக்கும்னு நம்பி இருந்துடாத.

கேள்வி: நேபாளத்துல அன்னபூர்ணா பக்கம் தனியா போகலாமா?
- வாசகர், கம்பம்

தம்பி, 2023 ஏப்ரல் 1-ல இருந்து அங்க வெளிநாட்டுக்காரங்க டிரெக்கிங் போகணும்னா பதிவு பண்ண ஏஜென்சி மூலமா கைடு வச்சுக்கணும்னு விதி போட்டுட்டாங்க. கைடு இல்லாம போறவங்க இருக்காங்கன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, வச்சுக்கங்க. நமக்கு விசா வேணாம், ஆனா பிளைட்ல போறதுன்னா பாஸ்போர்ட்டோ வோட்டர் ஐடியோ கையில இருக்கணும், ஆதார மட்டும் நம்பி ஏர்போர்ட் போயிடாதீங்க.