பெயரை வைத்துத் தொழில்: வாசகர் கேள்வி – பதில்

சொந்தப் பெயரையும் முகத்தையும் முன்வைத்துத் தொழில் தொடங்கி, இன்னும் ஓராண்டு முடியாத வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில். ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

ஆரி வேலை (கொக்கி ஊசியால் செய்யும் எம்பிராய்டரி) பிளவுஸ் செய்து கொடுக்கிறேன். ஐந்து மாதமாக இன்ஸ்டாகிராமில் தினம் ஒரு ரீல். 6,200 பேர் பின்தொடர்கிறார்கள். ஆர்டர் வந்தது ஏழுதான், அதிலும் ஐந்து எங்கள் தெருவிலிருந்து. எங்கே தவறு?
– வாசகி, தஞ்சாவூர்

வந்திருப்பது பிளவுஸ் வாங்கும் கூட்டம்தானா என்று முதலில் பாருங்கள். கடைசி ஐம்பது கமென்ட், மெசேஜ்களை எடுத்து ஒரு நோட்டில் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ‘எந்த நம்பர் ஊசி?’, ‘சில்க் த்ரெட்டா?’, ‘ஸ்டாண்டு எங்கே வாங்கினீங்க?’ என்பவை ஒரு பக்கம். ‘ரேட் என்ன?’, ‘இருபது நாளில் கிடைக்குமா?’ என்பவை இன்னொரு பக்கம். ஊசி ஏறி இறங்குவதையே நெருக்கத்தில் காட்டும் ரீல்களுக்கு முதல் பக்கம்தான் நிரம்பும். அவர்கள் வாடிக்கையாளர் இல்லை, கற்றுக்கொள்ள வந்தவர்கள். உங்களிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்க அவர்களுக்கு ஒரு காரணமும் கிடையாது.

அதனால் அந்தக் கூட்டம் வீண் என்று ஆகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிளவுஸுக்கு ₹2,500 வாங்குகிறீர்கள் என்று வைப்போம். பொருள் ₹350, தையல்காரருக்கு ₹450 போக மிச்சம் ₹1,700. கைவேலை 17 மணி நேரம்; டிசைன் பேசுவது, டிரேஸ் எடுப்பது, கூரியருக்குப் போய் வருவது என்று இன்னொரு 3 மணி நேரம். மணிக்கு ₹85. அதையே எட்டுப் பேருக்குப் பத்து நாள் ஆன்லைன் வகுப்பாக, தலைக்கு ₹1,800 என்று நடத்தினால் வரவு ₹14,400. துணி, ஊசி, நூல் அடங்கிய கிட் ஒன்றுக்கு ₹450 வீதம் ₹3,600 கழித்தால் ₹10,800. பாடம், தயாரிப்பு, சந்தேகம் தீர்ப்பது எல்லாம் சேர்த்து 30 மணி நேரம் என்றால் மணிக்கு ₹360. உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் இப்படி மணிக்கணக்கில் வகுத்துப் பார்க்காமல் எதை விற்பது என்று முடிவெடுக்காதீர்கள்.

வகுப்பு நடத்துவதென்றால், ஆரியில் ஒரு சிக்கல் உண்டு. நூல் இருப்பது துணிக்கு அடியில். கீழே இருக்கும் கை நூலை ஊசிக் கொக்கியில் மாட்டிக் கொடுத்தால்தான் மேலே சங்கிலி விழும். மேலிருந்து மட்டும் கேமரா வைத்தால் மாணவிக்குப் பாதி வேலை தெரியாது. ‘நூல் மேலே வரவே மாட்டேங்குது’ என்று மூன்றாம் நாளே நின்றுவிடுவார். ஸ்டாண்டுக்குக் கீழே இன்னொரு போனை மல்லாக்க வைத்து, பக்கத்தில் ஒரு சின்ன எல்இடி விளக்கு போட்டு, கீழ்க்கையையும் காட்டுங்கள். இதைச் செய்யும் வகுப்பு தனியாகத் தெரியும்.

இல்லை, பிளவுஸ்தான் என்றால் ரீலை மாற்றுங்கள். முடிந்த பிளவுஸை ஒருவர் உடுத்தியிருக்க வேண்டும். பின் கழுத்து தெரிய வேண்டும். விலையும் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதும் எழுத்தில் வர வேண்டும். ‘விலைக்கு மெசேஜ் செய்யவும்’ என்ற வழக்கத்தை விடுங்கள். கேட்கக் கூச்சப்படுபவர் அப்படியே நகர்ந்துவிடுவார், கேட்பவரில் பாதிப் பேர் விலையைக் கேட்டதும் காணாமல் போவார். காலமும் முக்கியம். ஆவணிக் கல்யாணத்துக்கு ஆர்டர் பிடிக்க வேண்டிய மாதம் ஆடி. முகூர்த்தம் இல்லாத மாதம் என்று சும்மா இருந்துவிட்டு ஆவணி பிறந்ததும் ரீல் போட்டால் அதற்குள் வேறு இடத்தில் அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள். பாதிப் பணமும் அளவு பிளவுஸும் கைக்கு வந்த பிறகே ஊசியைத் தொடுங்கள்.

லோகோ, இணையதளம், ஸ்டூடியோ மாதிரி ஓர் அறை என்று ₹60,000 பட்ஜெட் போட்டிருக்கிறேன். எதில் குறைக்கலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

மூன்றையும் தள்ளிப் போடலாம். முதலில் ஒலி. காலரில் மாட்டும் மைக் ஒன்று வாங்கி, வாயிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். வெறும் சுவர் அறையில் பேசினால் எதிரொலி வரும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் முன்னால் பேசினால் பெரும்பாலும் அடங்கிவிடும். பட்டுச் சேலையில் மைக்கைக் குத்தினால் சரசரப்பும் சேர்ந்து பதிவாகும்.

ஒளிக்கு ஜன்னல் போதும். ராத்திரியில் எடுத்த வீடியோவில் கறுப்புப் பட்டைகள் ஓடுகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போன் வேறு கணக்கில் படம் எடுக்கிறது. கேமரா அமைப்பில் ஷட்டரை 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு வினாடியில் நிறுத்துங்கள். மலிவு எல்இடி பல்புகளில் சில அதற்கும் அடங்காது, பல்பை மாற்றுங்கள்.

மீதிப் பணம் வங்கியிலேயே இருக்கட்டும். நான்காம் மாதம் என்ன விற்கப் போகிறீர்கள் என்பது மாறலாம், மாறினால் லோகோவும் மாறும்.

யூடியூப் சேனலில் 730 சந்தாதாரர்கள். பணம் எப்போது வரும்?
– வாசகர், மதுரை

விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், கடைசி 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அந்த மணி நேரத்துக்குப் பதிலாக 90 நாளில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வைகள் இருந்தாலும் சரி. பலர் சறுக்கும் இடம் இது: ஷார்ட்ஸ் வரிசையில் பார்க்கப்படும் நேரம் இந்த 4,000 மணியில் சேராது. 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். சராசரியாக ஒருவர் நான்கு நிமிடம் பார்த்தால் 60,000 பார்வை வேண்டும். அந்தச் சராசரி உங்கள் சேனலில் எவ்வளவு என்பது யூடியூப் ஸ்டூடியோ செயலியில் இருக்கிறது.

வாசலைத் தாண்டிய பிறகும் நீளமான வீடியோக்களில் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம்தான் உங்களுக்கு. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு பின் எண் வரும். கதவு எண், பின்கோடு சரியாக இல்லாவிட்டால் அங்கேயே மாதக்கணக்கில் நிற்கும். 100 டாலரைத் தாண்டினால்தான் வங்கிக்குப் பணம். அமெரிக்க வரி விவரப் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள். விட்டுவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிக்க இடமுண்டு. நிரப்பி, இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் காட்டினால் அமெரிக்கப் பார்வையாளர்களிடமிருந்து வரும் பங்கில் மட்டும் 15 சதவீதம்.

முதல் ஆண்டில் இதை நம்பி வாடகை ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு கற்றுத்தரும் வீடியோ பாடம் தயாரித்தேன். மூன்று மாத உழைப்பு, 42 வீடியோ, விலை ₹4,999. வாங்கியவர் ஒருவர்!
– வாசகர், விருதுநகர்

வரிசை தலைகீழாகிவிட்டது. விற்றுவிட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். நீங்கள் பதிவு செய்துவிட்டு விற்கப் போயிருக்கிறீர்கள். ஜிஎஸ்டி முழுவதையும் கற்க எந்தக் கடைக்காரருக்கும் ஆசை இல்லை. அவருக்கு இருப்பது தேதிப் பயம். மாதம்தோறும் தாக்கல் செய்பவருக்கு 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதி 3பி (வரி கட்டும் சுருக்கப் படிவம்). இடையில் 14ஆம் தேதி 2பி (சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியல்) வருகிறது. தன்னிடம் இருக்கும் கொள்முதல் பில்லும் 2பியில் தெரிவதும் ஒத்துப்போகாதபோதுதான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்கிறார்.

அடுத்த 15ஆம் தேதி மாலை இரண்டு மணி நேர நேரலை வகுப்பு வையுங்கள். தலைப்பு ஒன்றே ஒன்று: 2பியையும் கொள்முதல் பதிவேட்டையும் எக்செல்லில் ஒத்துப் பார்ப்பது. கட்டணம் ₹399. அவரவர் கோப்பைத் திறந்து வைத்து உங்களோடு சேர்ந்து செய்ய வேண்டும். ஜிஎஸ்டி எண்ணில் வரும் வெற்று இடம், சப்ளையர் பில் எண்ணில் போட்ட சாய்கோடு, ரூபாய் பைசா முழுமையாக்கல் என்று எங்கே ஒத்துப்போகவில்லை என்பதை அங்கேயே தீர்த்துக் கொடுங்கள். பதினைந்து பேர் வந்தாலே அவர்கள் கேட்கும் கேள்விகள் அடுத்த வகுப்பின் பாடத்திட்டம்.

அந்த 42 வீடியோவில் பத்தைப் பொதுவில் இலவசமாக விடுங்கள். மற்றவை வகுப்புக்கு வந்தவர்களுக்குத் துணைப் பாடம். பணம் திரும்பத் தரும் விதியைக் கட்டணம் வாங்கும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். பிறகு சொல்கிற விதி எதுவும் சண்டைக்குத்தான் வழி.

சொந்தப் பெயரா, தனிப் பெயரா? டிரேட்மார்க் உடனே வேண்டுமா?
– வாசகி, சேலம்

கற்பித்தல், ஆலோசனை என்றால் சொந்தப் பெயர் நல்லது. நாளைக்குப் பாடம் மாறினாலும் பெயர் கூடவே வரும். பொருள் விற்பதென்றால், அதிலும் என்றாவது கடையைக் கைமாற்றும் எண்ணம் இருந்தால், தனிப் பெயர். உங்கள் பெயரைப் பிறர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வருவது லேசில்லை.

பெயரில் ‘ழ’ இருந்தால் ஒரு சோதனை. போனில் ஐந்து பேரிடம் பெயரைச் சொல்லி, ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். மூன்று விதமாக வந்தால், அந்த மூன்று எழுத்துக்கூட்டலிலும் கணக்குகளைப் பிடித்து வையுங்கள், அல்லது சுலபமான பெயருக்கு மாறுங்கள்.

டிரேட்மார்க் விண்ணப்பத்துக்குத் தனிநபர் இணையத்தில் கட்ட வேண்டியது ஒரு வகுப்புக்கு (பொருள், சேவைகளைப் பிரித்திருக்கும் பிரிவு) ₹4,500. வகுப்பு மொத்தம் 45. ஆடை 25இல், பயிற்சி 41இல். ‘சேலம் பட்டு’ போல ஊரும் பொருளும் மட்டும் சேர்ந்த பெயருக்குப் பதிவு கிடைப்பது கடினம். லோகோவை விடப் பெயரை எழுத்தாகப் பதிவது புத்திசாலித்தனம். பதிவு கிடைக்கும் முன் வட்டத்துக்குள் ஆர் குறியைப் போடாதீர்கள், அது குற்றம், டிஎம் போடலாம். முதல் முப்பது பேர் பணம் கொடுத்து வாங்கிய பிறகு விண்ணப்பித்தால் போதும் என்பது எங்கள் கருத்து. ஆனால் அந்தப் பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று டிரேட்மார்க் அலுவலகத்தின் இணையத் தேடலில் இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அதற்குக் காசு இல்லை.

ஒரு நிறுவனம் ₹24,000 மதிப்புள்ள மிக்ஸி, அடுப்பு செட்டை இலவசமாக அனுப்புகிறது. வீடியோவில் காட்டினால் போதுமாம். ஏதாவது சிக்கல் உண்டா?
– வாசகி, ஈரோடு

இலவசம் என்பது அவர்கள் சொல்வது. பொருளை நீங்களே வைத்துக்கொண்டால் அது வருமானம். ஒரே இடத்திலிருந்து நிதியாண்டில் ₹20,000க்கு மேல் இப்படி வந்தால் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுப்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி). 2022 ஜூலையிலிருந்து இருக்கும் விதி. அந்த வரியை யார் கட்டுவது என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். படம் எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பினால் இது வராது.

அடுத்து, விளம்பரம் என்று சொல்லியாக வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, வீடியோவில் எழுத்திலும் பேச்சிலும் இரண்டிலும் வர வேண்டும். நீங்கள் பேசும் மொழியிலேயே இருக்க வேண்டும். ஹேஷ்டேக் கும்பலுக்குள் ஒளித்து வைக்கக் கூடாது. பணம் வாங்காமல் பொருள் மட்டும் வாங்கினாலும் இதுதான். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை ₹10 லட்சம் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

ஜிஎஸ்டி பற்றிப் பலர் கேட்டிருந்தார்கள். வகுப்பு, ஆலோசனை, விளம்பரம் போன்ற சேவைகளுக்கு ஆண்டு விற்றுமுதல் ₹20 லட்சம் வரை பதிவு தேவையில்லை. பொருளை வெளி மாநிலத்துக்கு விற்பவர்களுக்கு விதி வேறு. முதல் பார்சலுக்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் 200 பேருக்கு அனுப்பினேன். பார்த்தது 30 பேர்.
– வாசகி, திண்டுக்கல்

உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போகும். பணம் வந்த அன்றே ரசீதோடு உங்கள் கான்டாக்ட் கார்டையும் அனுப்பி, ‘சேவ் பண்ணிட்டு ஒரு ஹாய் அனுப்புங்க’ என்று கேளுங்கள். ஒரு பட்டியலில் 256 பேர்தான் கொள்ளும். வாங்கியவர், விசாரித்தவர் என்று ஆரம்பத்திலேயே பிரித்து வையுங்கள்.

‘காப்பிரைட் புகார், 24 மணி நேரத்தில் கணக்கு நீக்கப்படும்’ என்று இன்ஸ்டாகிராமிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. இணைப்பைத் தட்டலாமா?
– வாசகர், திருநெல்வேலி

தட்டாதீர்கள். இன்ஸ்டாகிராம் இப்படி மெசேஜ் பெட்டியில் வந்து மிரட்டாது. இன்ஸ்டாகிராம் உங்களுக்கு அனுப்பிய மின்னஞ்சல்களைச் செயலியின் அமைப்புகளிலேயே பார்க்கலாம், அங்கே இருப்பதை மட்டும் நம்புங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ்ஸில் வைக்காமல், போனிலேயே குறியீட்டு எண் தரும் ஆத்தென்டிகேட்டர் செயலியில் வையுங்கள். அங்கே தரும் பேக்கப் எண்களைக் காகிதத்தில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் கவரில் போட்டு வையுங்கள். வாடிக்கையாளர் பெயர், போன் எண், வாங்கியது, தேதி ஆகிய நான்கையும் ஞாயிறுதோறும் ஒரு எக்செல் தாளில் ஏற்றுங்கள். கணக்கு போனாலும் திங்கட்கிழமை அந்தத் தாளை வைத்து வேலை நடக்கும்.