டோஃபு சாப்பிட்டால் அம்மாவின் எலும்புத் தேய்வு நிற்குமா?

யாங்கோனில் உள்ள உங்கள் அம்மாவுக்கு மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன, தினமும் மஞ்சள் டோஃபு பொரித்துச் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தங்கையே: கடைக்காரர் முக்கோணமாக வெட்டி எண்ணெயில் போடும் அந்த ஷான் டோஃபு (மியான்மரின் ஷான் பகுதி உணவு) கடலை மாவில் செய்தது. எலும்பைக் காக்கும் என்று நீங்கள் படித்த ஐசோஃப்ளேவோன் என்ற தாவரப் பொருள் சோயாவில்தான் மிகுதி. சோயா வேண்டுமென்றால் சந்தையில் வெள்ளை நிறத்தில் கிடைக்கும் பேபியா என்ற சோயா டோஃபுவைக் கேட்டு வாங்குங்கள்.

மாதவிடாய் நின்று, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் எலும்பை அரிக்கும் செல்களுக்குக் கடிவாளம் போய்விடுகிறது. முதல் சில ஆண்டுகளில்தான் இழப்பு வேகம். ஐசோஃப்ளேவோன் ஈஸ்ட்ரோஜனைப் போன்ற வடிவம் கொண்டது. செல்களில் ஈஸ்ட்ரோஜன் வந்து பொருந்தும் இடங்களான ஏற்பிகளில் இதுவும் ஒட்டிக்கொள்ளும், ஆனால் வலு மிகக் குறைவு. சிலருடைய குடல் பாக்டீரியாக்கள் அதை ஈக்வால் என்ற வலுவான பொருளாக மாற்றுகின்றன. எல்லோருக்கும் அது நடப்பதில்லை.

சில ஆய்வுகளில் முதுகெலும்பின் அடர்த்தி சற்றே காக்கப்பட்டது. ஆனால் 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தினம் 200 மில்லிகிராம் சோயா ஐசோஃப்ளேவோன் மாத்திரையை இரண்டு ஆண்டுகள் எடுத்த பெண்களுக்கும் எலும்பிழப்பு நிற்கவில்லை. ஆகவே மாத்திரைக்குக் காசைக் கொட்டாதீர்கள். பேபியா நல்ல உணவு, மருந்து அல்ல.

முள்ளோடு மென்று தின்னும் நெத்திலிக் கருவாடு, காலை வெயிலில் நடை, எலும்பு அடர்த்திப் பரிசோதனை: இவற்றையே வற்புறுத்துவேன். அம்மா தைராய்டு மாத்திரை எடுத்தால், சோயாவை அதோடு சேர்த்து உண்ண வேண்டாம். மாத்திரை உடலில் சேர்வதை அது குறைக்கும்.