பூட்டிய கதவும் வட்டயப்பமும்

கேள்வி: பாறசாலையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஈஸ்டர் அதிகாலை ஆராதனையில், இலங்கையின் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததைப் பற்றிப் போதகர் பேசினார். அழுதுவிட்டேன். வருஷம்தோறும் பக்கத்து வீட்டு முஸ்லிம் உம்மாவுக்குப் பண்டிகைப் பலகாரமாக வட்டயப்பம் கொடுப்பேன். இந்த முறை மனசு வரவில்லை. அவர் வந்து கூப்பிட்டும் கதவைத் திறக்கவில்லை. தப்பா அக்கா?

பதில்: தங்கச்சி, நீ அழுதது சரிதான். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலை. சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளிக்கு வந்த சின்னப் பிள்ளைகள், நம் மொழி பேசியவர்கள். கொழும்பு, நீர்கொழும்பு எல்லாம் சேர்த்து அன்று போன உயிர்கள் 250க்கும் மேல். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆனால் இஸ்லாமியத் தீவிரவாதிகள் வெடிக்கவைத்த அந்தக் குண்டுக்கு உம்மாவிடம் ஏன் கணக்குக் கேட்கிறாய்?

பாகிஸ்தானில் ஆசியா பீபி என்ற கிறிஸ்தவப் பெண்ணுக்கு, மதநிந்தனை செய்தாள் என்று 2010இல் தூக்குத் தண்டனை விதித்தார்கள். அவளுக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீரை 2011 ஜனவரியில் அவருடைய மெய்க்காவலரே சுட்டுக் கொன்றார். தாசீர் ஒரு முஸ்லிம். அவளுக்காக வாதாடி, 2018இல் விடுதலை வாங்கித் தந்த வக்கீலும் முஸ்லிம்தான். உன் போதகர் அடுத்த முறை இவர்களையும் சொல்லட்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் ஊருக்குப் பக்கத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம், கிறிஸ்தவரான பிறகு திருவிதாங்கூர் அரசின் சிறையில் வதைபட்டு, 1752இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்காக இன்று எந்த இந்து வீட்டுக்காவது பலகாரம் கொடுக்காமல் இருக்கிறோமா? இருட்டு விலகுமுன் நீ பாட்டுப் பாடி ஆராதனைக்குப் போக இடம் தருவது அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு. உம்மாவின் தொழுகைக்கும் அதே பிரிவுதான். ஒருவருக்கு அது ஆட்டம் கண்டால் மற்றவருக்கும் நிற்காது.

யோவான் 20ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசி. சீஷர்களும் பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த வீட்டுக்குள் வந்து நின்றுதான் இயேசு, “உங்களுக்குச் சமாதானம்” என்றார்.

பண்டிகை முடிந்தால் என்ன, பச்சரிசியை ஊறப் போடு. உம்மா கேட்டால், உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லாதே. மட்டக்களப்புப் பிள்ளைகளைப் பற்றிச் சொல். அவரும் உன்னோடு உட்கார்ந்து அழுவார் என்றே எனக்குத் தோன்றுகிறது.