ஐஸ்லாந்துக்கு மே லீவில் போகலாமா?

கேள்வி: பிள்ளைகளின் மே லீவில் பாரிஸில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போகிறோம். அப்படியே ஐந்து நாள் ஐஸ்லாந்தும் போய்த் துருவ ஒளி பார்க்க ஆசை. 'அப்படி என்ன இருக்கு அங்கே?' என்கிறார் கணவர். பிரெஞ்சு விசாவே போதுமா?
- வாசகி, லாஸ்பேட்டை

பதில்: துருவ ஒளியை இந்தப் பயணத்தில் மறந்துவிடுங்கள். அதற்கு இருட்டு வேண்டும். மே கடைசியில் அங்கே நள்ளிரவிலும் வானம் வெளுத்தே இருக்கும். செப்டம்பர் முதல் மார்ச் வரைதான் அதற்குக் காலம்; அப்போதும் மேகம் மூடினால் போச்சு.

உங்கள் கணவருக்குத் திங்வெட்லிர் பூங்காவைக் காட்டுங்கள். பூமியின் மேலோட்டுப் பாளங்களான வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் வருடத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகும் இடம் அது. பாறைச் சுவர்களுக்கு நடுவே நடந்தே போகலாம். அங்கிருந்து ஒரு மணி நேரக் கார் தூரத்தில் ஸ்ட்ரோக்கூர் வெந்நீர் ஊற்று. 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பீறிடும். அதற்கு ஒரு நொடி முன்னால் நீலக் குமிழ் ஒன்று உப்பி எழும். பலர் செல்போனைச் சரிசெய்வதற்குள் அது உடைந்துவிடும். காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள், இல்லையேல் தொப்பலாக நனைவீர்கள். பஃபின் பறவைகளும் மே மாதம் கரைக்கு வந்திருக்கும். நடு மேட்டுநிலச் சாலைகள் மட்டும் பனியால் மூடியிருக்கும். ஜூனுக்கு முன் திறப்பது அபூர்வம்.

ஐஸ்லாந்தும் பிரான்ஸைப் போல, ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஷெங்கன் நாடுகளில் ஒன்றுதான். அதிக நாள் பிரான்ஸில் தங்குவதால் பிரெஞ்சு விசாவே போதும். விண்ணப்பத்தின் பயணத் திட்டத்தில் ஐஸ்லாந்தையும் எழுதுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு அங்கேயும் செல்ல வேண்டும். மலிவாக இருக்கிறதே என்று லண்டனில் இறங்கித் தங்கிப் போகும் டிக்கெட்டை எடுத்துவிடாதீர்கள். ஷெங்கனை விட்டு வெளியேறியதாகிவிடும். ஒருமுறை நுழைவு விசா அத்தோடு தீர்ந்தது. குடும்பத்தில் பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு விசாப் பேச்சே இல்லை.

கேள்வி: அங்கே நாமே கார் ஓட்டலாமா?
- வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஓட்டலாம், வலப்பக்கமாக. தார்ச்சாலையில் 90, சரளைச் சாலையில் 80 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகிய பாலத்தில் எந்த வண்டி முதலில் நெருங்குகிறதோ அதற்கே வழி.

பயப்பட வேண்டியது காற்றுக்கு. தானே புயலைப் பார்த்த உங்களுக்கு அதன் பலத்தைச் சொல்ல வேண்டாம். அங்கே புயல் சின்னம் ஏதும் இல்லாமலே அடிக்கும். வானிலை அறிக்கையில் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று போடுவார்கள், 3.6-ஆல் பெருக்குங்கள். 20 என்றால் 72 கிலோமீட்டர். அன்று வண்டியை எடுக்காதீர்கள். நிறுத்தும்போது வண்டியின் மூக்கு காற்றைப் பார்க்கட்டும். பின்னாலிருந்து அடித்தால் கதவைக் கீலோடு வளைத்துவிடும். இந்தச் சேதத்தைப் பெரும்பாலான வாடகைக் காப்பீடுகள் ஏற்பதில்லை.

கேள்வி: சுத்த சைவம். தயிராவது கிடைக்குமா?
- வாசகி, நெய்வேலி

பதில்: 'ஸ்கீர்' கெட்டித் தயிர் போலவே இருக்கும், சோற்றில் பிசையலாம். சில வகைகளில், பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட் சேர்ப்பார்கள். டப்பாவைப் படித்துவிட்டு வாங்குங்கள்.