அஞ்சலகச் சுவரில் ஒரு பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹூஸ்டன் நகரின் அடிக்ஸ் ஹோவெல் சாலையில் உள்ள அஞ்சலகத்துக்குச் சந்தீப் சிங் தாலிவால் என்ற காவலரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். ஆனால் முகவரியில் யாரும் அதை எழுதுவதில்லை; உள்ளே ஒரு பலகை இருப்பதோடு சரி. இதற்காக நாட்டின் நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டுமா?

ஹூஸ்டன் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அமெரிக்காவில் அண்மைக் காலமாக நிறைவேறும் சட்டங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அஞ்சலகங்களுக்குப் பெயர் சூட்டுவதற்கானது என்பதால், உங்கள் ஐயம் நியாயமானதே. ஆயினும் தாலிவாலின் பெயர் அந்தச் சுவரில் இருப்பது மிகவும் தகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

2008-இல் ஹூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டி என்ற மாவட்டத்தில் ஒரு சீக்கியக் குடும்பம் தங்கள் வீட்டில் திருடு போய்விட்டதென்று காவலர்களை அழைத்தது. வந்தவர்களோ சீக்கியர்கள் சமய வழக்கப்படி அணியும் கிர்பான் என்ற சிறு கத்தியைக் கண்டதும் திருடனை விட்டுவிட்டு அந்தக் குடும்பத்தையே சந்தேகித்தார்கள். அதனால் மாவட்டக் காவல் துறையான ஷெரிஃப் அலுவலகத்துக்கும் சீக்கியர்களுக்கும் இடையே உண்டான விரிசலைச் சரிசெய்ய வேண்டும் என்றே, லாரித் தொழில் செய்துகொண்டிருந்த தாலிவால் அதை விட்டுவிட்டு 2009-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். தலைப்பாகையோடும் தாடியோடும் பணியாற்ற அவருக்கு அனுமதி கிடைத்தது 2015-இல்தான். 2017-இல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது, கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு லாரி நிறைய நிவாரணப் பொருள்கள் வந்துசேர ஏற்பாடு செய்தார். 2019 செப்டம்பர் 27 அன்று, ஒரு காரை நிறுத்தி விசாரித்துவிட்டுத் தம் வண்டிக்குத் திரும்பி நடக்கையில் பின்னாலிருந்து சுடப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 42.

அஞ்சலகத்துக்கு அவர் பெயரைச் சூட்ட, ஹூஸ்டன் பகுதியின் நாடாளுமன்றப் பிரதிநிதி லிஸ்ஸி ஃப்ளெட்சர் கொண்டுவந்த மசோதா 2020 டிசம்பரில் சட்டமானது. இத்தகைய மசோதாவை அஞ்சலகம் உள்ள மாநிலத்தின் பிரதிநிதிகள் அனைவரும் இணைந்து முன்மொழிய வேண்டும் என்பது, நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் இதைக் கவனிக்கும் குழுவின் விதி. எதிலும் ஒத்துப்போகாத டெக்சாஸின் இரு கட்சியினரும் ஒரு சீக்கியக் காவலருக்காக ஒன்றுசேர்ந்ததை என்னால் சிறிய செய்தியாக எண்ண முடியவில்லை.

இந்திய வம்சாவளியினரில் இந்தச் சிறப்பை முதலில் பெற்றவர் தலிப் சிங் சௌந்த். கலிஃபோர்னியாவின் டெமெகுலா அஞ்சலகத்துக்கு 2005-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றும் விவசாயம் செய்தே பிழைத்த அவர், இந்தியர்கள் குடியுரிமை பெறுவதற்கு இருந்த தடை 1946-இல் நீங்கிய பின் 1949-இல் குடிமகனாகி, 1956-இல் பிரதிநிதிகள் சபைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். எந்த அரசு முதலில் குடிமகனாகக்கூட ஏற்க மறுத்ததோ, அதே அரசின் கட்டடத்தில் இன்று அவர் பெயர் இருக்கிறது.

முகவரியில் பெயர் வராததை நான் குறையாகக் கருதவில்லை. ஊர் மக்களின் நாவில் பழகிய பெயர் அப்படியே இருக்கிறது. எவருக்கும் அலைச்சல் இல்லை. பலகையைப் பார்ப்பவர்களுக்குத் தாலிவால் யாரென்று தெரிய வேண்டும் என்பதே என் விருப்பம். அவர் ஏன் பணியில் சேர்ந்தார், 2015-இல் எந்த விதி தளர்ந்தது என்று விளக்கும் ஒரு சிறு குறிப்பைப் பலகையின் அருகே வைக்கும்படி உங்கள் பிரதிநிதியின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். வாக்காளர் ஒருவரின் கடிதத்துக்கு அங்கே மதிப்பு உண்டு.

அன்புடன்,
ஆசிரியர்