வெயில் தீவில் ஒரு கணப்பு அடுப்பு

கேள்வி: பார்படோஸ் தீவில் குளிர்காயும் கணப்பு அடுப்புகளுடன் ஒரு பழைய நிலவுடைமையாளர் மாளிகை இருக்கிறதாமே? வெயில் கொளுத்தும் ஊரில் அவை எதற்கு? அதைக் கட்டியவர் யார்?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: தாங்கள் கேட்பது செயின்ட் பீட்டர் வட்டாரத்திலுள்ள செயின்ட் நிக்கலஸ் ஆபி பற்றி. ஆபி என்றால் துறவியர் மடம் என்று பொருள்; ஆனால் இங்கே குடியிருந்தவர்கள் கரும்புத் தோட்ட முதலாளிகள்தாம். 1658 வாக்கில் இதைக் கட்டிய கர்னல் பெஞ்சமின் பெரிங்கர், இங்கிலாந்துச் செல்வந்தர்களின் நாட்டுப்புற மாளிகைகளைப் போலவே, வளைவு வளைவாக ஏறி இறங்கும் முகப்புச் சுவர்களும் உயர்ந்த புகைபோக்கிகளும் வைத்துக் கட்டினார். இரவில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே அரிதாகவே இறங்கும் தீவில், கணப்பில் விறகெரிக்க வேண்டிய தேவையே இல்லை. வரைபடம் இங்கிலாந்திலிருந்து வந்ததால் அடுப்பும் கூடவே வந்துவிட்டது என்று சொல்வார்கள். தாய்நாட்டுப் பிரபுவைப் போலத் தோன்ற வேண்டும் என்ற ஆசையே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

பெரிங்கர் அங்கே நெடுநாள் வாழவில்லை. 1661-இல் அவர் இறந்ததும், அவருடைய தொழில் கூட்டாளியான ஜான் யீமன்ஸ் அவர் மனைவி மார்கரெட்டை மணந்துகொண்டார். அந்தச் சாவில் யீமன்ஸுக்குப் பங்குண்டு என்ற சந்தேகம் இன்றும் பேசப்படுகிறது. அதே யீமன்ஸ் பின்னர் வட அமெரிக்காவின் கரோலினா குடியேற்றத்துக்கு ஆளுநரானார்.

மாளிகைக் கதையைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சதியோடு நின்றுவிடுகிறார்கள். அந்த 1661-ஆம் ஆண்டில்தான் பார்படோஸ் சட்டமன்றம், ஆப்பிரிக்க அடிமைகளை உடைமையாளர் விருப்பம்போல் தண்டிக்க இடமளித்த அடிமைச் சட்டத்தை இயற்றியது. கரும்பு வெட்டியவர்களும், ஆலையில் பிழிந்தவர்களும், கொதிக்கும் கொப்பரைகளின் முன்னே நின்று பாகு காய்ச்சியவர்களும் அவர்கள்தாம். எவருக்கும் பயன்படாத அந்தக் கணப்புக்கும் அவர்கள் உழைப்பே விலையாயிற்று.

1834-இல் அடிமைமுறை சட்டப்படி முடிவுக்கு வந்தபோது, பிரிட்டிஷ் அரசு தன் குடியேற்றங்களின் அடிமை உடைமையாளர்களுக்கென 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. ‘தொழில் பழகுநர்’ என்ற பெயரில் 1838 வரை அதே முதலாளிகளின் கீழ் அவர்கள் கட்டுண்டு கிடந்தார்கள். மாளிகை இன்றும் நிற்கிறது; பார்வையாளர்கள் உள்ளே சென்று அந்தக் கணப்புகளைக் காணலாம்.