ஜீப்னி ஓட்டிய லோலோ

கேள்வி: உங்கள் உறவினர் அல்லாத ஒரு குடும்பத் தலைவரின் மறைவு உங்களைப் பாதித்ததுண்டா? அவர் எப்படி வாழ்ந்தவர்?

உண்டு. பிலிப்பைன்ஸில் தாவோ நகரில் மருத்துவம் படித்தபோது நான் குடியிருந்த வீட்டின் பெரியவர். அங்கே தாத்தாவை லோலோ என்பார்கள், பாட்டியை லோலா. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அந்த ஊரில் நிறையப் படிப்பதால், மாடி அறைகளை நம் ஆட்களுக்கே வாடகைக்கு விடுவார். நான் அனாடமியில் திணறிக்கொண்டிருந்த முதல் வருஷமே அவருக்கு நான் "டாக்" ஆகிவிட்டேன்.

அவர் சிறு பையனாக இருந்தபோது, போஹோல் தீவிலிருந்து பிழைப்புத் தேடி, தாவோ இருக்கும் மிண்டனாவோ தீவுக்கு வந்த குடும்பம். போஹோலும் சேர்ந்த விசாயா தீவுகளிலிருந்து அப்படி வந்து குடியேறியவர்கள் தாவோவில் ஏராளம். வாழைத் தோட்டத்தில் கூலி, சந்தையில் மூட்டை தூக்குவது என்று எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் ஜீப்னி ஓட்டுநர் ஆனார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, எதிரெதிரே பெஞ்சு போட்டு உருவான வண்டி அது. பின்னால் உட்கார்ந்தவர் கொடுக்கும் காசு கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் வரும். ஓட்டிக்கொண்டே வாங்கி, சில்லறையும் கொடுக்க வேண்டும். லோலோ நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகியிருப்பார். கழுத்தில் சிவப்பு எழுத்தில் "குட் மார்னிங்" என்று போட்ட வெள்ளைத் துண்டு.

சொந்த வண்டி இல்லாத ஓட்டுநர் முதலாளிக்குத் தினமும் ஒரு தொகை கட்டியாக வேண்டும். அதற்குப் பெயர் பவுண்டரி. டீசலும் பவுண்டரியும் போக மிஞ்சியதுதான் வீட்டுக்கு. மழையில் கூட்டம் வராவிட்டாலும் பவுண்டரி குறையாது. நம்மூர் வாடகை ஆட்டோக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்தக் கணக்கில் வருஷக்கணக்காக ஓட்டித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். மூத்த மகள் நர்ஸ் ஆகி சவுதி போய்ப் பணம் அனுப்பிய பிறகே சொந்த வண்டி வந்தது. அதன் பக்கவாட்டில் பிள்ளைகள் பெயரையெல்லாம் வரிசையாகப் பெயிண்ட் அடித்து வைத்தார்.

லோலாவின் பெயர் அதில் இல்லை. எனக்கு அது எப்போதும் உறுத்தும். வாசலில் ஓட்டுநர்களுக்குச் சாப்பாட்டுக் கடை நடத்தியது அவர்தான். பவுண்டரி தேறாத நாளில் வீட்டில் உலை வைத்தது அந்தக் கடைக் காசு. "தனி ஆளாகக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்" என்று துக்கத்துக்கு வந்தவர்கள் சொன்னபோது பாதிதான் ஒப்புக்கொள்ள முடிந்தது. உழைப்பாளி, சந்தேகமில்லை. முன்கோபியும்தான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சேவல் சண்டையில் பந்தயம் வேறு.

ராத்திரி வண்டியை நிறுத்திவிட்டு வந்ததும் கை கழுவ மாட்டார். ஸ்டியரிங் பிடித்துச் சூடான கையில் தண்ணீர் பட்டால் நடுக்கம் வரும், அது பஸ்மா என்பார். அங்கே பலருக்கும் அந்த நம்பிக்கை உண்டு. நான் நரம்பு, தசை என்று பாடம் நடத்தினால் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டாக், நீ ஜீப்னி ஓட்டியதில்லை" என்பார். கை ஆறும்வரை துண்டில் துடைத்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு அப்புறம்தான் சோற்றில் கை வைப்பார்.

அவர் இறந்த பிறகு, மகள் சவுதியிலிருந்து வந்து சேரும்வரை, கிட்டத்தட்ட ஒரு வாரம், கண்ணாடி வைத்த சவப்பெட்டி கூடத்திலேயே இருந்தது. அதுவரை வீட்டைப் பெருக்கவில்லை. விடிய விடியச் சீட்டாட்டம், காப்பி, பிஸ்கட். சீட்டில் ஜெயிப்பவர் ஒரு பங்கைத் துக்க வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். மொய் மாதிரி உறையில் பணமும் வரும். வந்தவர்களை வீட்டார் வாசல்வரை வந்து வழியனுப்பக் கூடாது என்றார்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும் ஊரில் பிறந்த எனக்கு அது மட்டும் புதிதாகத் தெரியவில்லை.

ஒரு ராத்திரி சக ஓட்டுநர் ஒருவர், லோலோ பவுண்டரிப் பணத்தைச் சேவல் மேல் கட்டித் தோற்றுவிட்டு, அதை ஈடுகட்ட நள்ளிரவுவரை வண்டி ஓட்டிய கதையைச் சொன்னார். கூடமே சிரித்தது. காப்பி ஊற்றிக்கொண்டிருந்த லோலா திரும்பிப் பார்த்து, "அன்றைக்கு என்ஜின் கோளாறு என்றாரே!" என்றார். சிரிப்பு இன்னும் கூடியது, சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே.

வண்டியை ஓட்ட மகன்கள் யாரும் முன்வரவில்லை. 2017-இல் தொடங்கிய அரசின் ஜீப்னி நவீனமயத் திட்டப்படி தனி உரிமையாளர்கள் கூட்டுறவு மாதிரி ஓர் அமைப்பில் சேர வேண்டும். பழைய ஜீப்னிக்குப் பதிலாக வாங்க வேண்டிய புது மினிபஸ்ஸோ 20 லட்சம் பெசோவுக்கு மேல். ஒற்றை வண்டி வைத்திருப்பவரால் ஆகிற காரியமா? பழைய இசுசு என்ஜினுக்காக லோலோவின் வண்டியை வாங்க ஒரு மெக்கானிக் வந்தார். லோலாவே உட்கார்ந்து பேரம் பேசி, அவர் சொன்ன விலையை நன்றாக ஏற்றிவிட்டார். அந்தப் பணத்தில் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு ஃப்ரீசர் வந்தது.